வானத்தில் மேடு பள்ளம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மீனம்பாக்கம் வானிலை அலுவலகத்தில் 31 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், இப்போது ராயபுரத்தில் இருக்கிறேன் என்று போன இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த தபால்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: விமானம் ஏன் குலுங்குகிறது? அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே.

என் மகள் சிங்கப்பூரில் இருக்கிறாள். பிரசவத்துக்கு நான் போக வேண்டும். 58 வயதாகிறது, இதுவரை விமானம் ஏறியதில்லை. அந்த ஊர் விமானம் ஒன்று குலுங்கி ஒருவர் இறந்துபோனதைப் படித்ததிலிருந்து தூக்கமே இல்லை. மருமகன் டிக்கெட் போட்டுவிட்டார். போகலாமா, வேண்டாமா?
– பெயர் வேண்டாம், தண்டையார்பேட்டை

போய் வாருங்கள், சகோதரி. பேரக்குழந்தையை முதலில் கையில் வாங்குகிற பாக்கியத்தை இந்தப் பயத்துக்காக விட்டுவிடாதீர்கள். ஆனால் "ஒன்றும் ஆகாது" என்று மட்டும் சொல்லி அனுப்ப எனக்கு மனசில்லை. என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டு போனால் பயம் தன்னால் இறங்கும்.

அது 2024 மே 21. லண்டனிலிருந்து சிங்கப்பூர் போன சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம், மியான்மரில் ஐராவதி ஆற்றுப் படுகைக்கு மேலே 37,000 அடி உயரத்தில் போய்க்கொண்டிருந்தது. கீழேயிருந்து மேகம் வளர்ந்துகொண்டிருந்த இடம் அது. மேலே எழும்புகிற காற்று விமானத்தைத் தூக்கியது, அடுத்த கணம் விட்டுவிட்டது. அன்றைக்கு டிவியில் "6,000 அடி விழுந்தது" என்று ஓடிக்கொண்டே இருந்தது. அது தப்பு. அந்த 6,000 அடி, பிறகு பாங்காக்கில் இறங்குவதற்காக விமானி நிதானமாகக் குறைத்த உயரம். சிங்கப்பூர் விசாரணை அதிகாரிகள் கருவிப் பதிவைப் பார்த்துச் சொன்ன கணக்குப்படி, குலுக்கலில் விமானம் இறங்கியது 178 அடி. மீட்டரில் 54. அவ்வளவுதான்.

54 மீட்டர் இறங்கினதற்கா ஓர் உயிர் போனது, அத்தனை பேருக்கு அடிபட்டது? ஆமாம். எவ்வளவு இறங்கியது என்பதை விட, எவ்வளவு சட்டென்று என்பதுதான் முக்கியம். உங்கள் எடை 60 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். விமானம் மேலே தூக்கப்பட்டபோது நீங்கள் 81 கிலோ ஆள் மாதிரி சீட்டில் அழுந்தியிருப்பீர்கள். அடுத்த 0.6 நொடியில் அது தலைகீழாகிவிட்டது. 90 கிலோ ஆளைக் கூரையிலிருந்து யாரோ இழுக்கிற மாதிரி. அதற்கு அடுத்த 4 நொடியில் மறுபடியும் 90 கிலோவாகக் கீழே. பெல்ட் போட்டவர்கள் சீட்டோடு போய் சீட்டோடு வந்தார்கள். போடாதவர்கள் கூரையில் மோதி, பிறகு தரையில் விழுந்தார்கள்.

ஷேர் ஆட்டோவில் பின்சீட்டில் உட்கார்ந்து திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் வேகத்தடை ஏறியிருப்பீர்கள் இல்லையா? நாம் மேலே குதித்த மாதிரி இருக்கும். உண்மையில் நாம் குதிக்கவில்லை, அடியில் இருந்த ஆட்டோ நம்மை விட்டுவிட்டுக் கீழே இறங்கிவிட்டது. விமானத்திலும் அதேதான். விமானம் நம்மை விட்டு இறங்குகிறது. பெல்ட்தான் "நீயும் வா" என்று நம்மையும் கூடவே இழுத்துக்கொண்டு போகிறது.

இதை நான் படித்து மட்டும் சொல்லவில்லை. பல வருஷம் முன்னால் ஒரு ஜனவரியில் தில்லியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். சாப்பாடு பரிமாறும் நேரம். தட்டில் இருந்த சாம்பார்க் கிண்ணம் முதலில் நடுங்கியது. பிறகு தள்ளுவண்டி. அத்தனை கனமான வண்டி தரையை விட்டு ஒரு சாண் எழும்பியதை என் கண்ணால் பார்த்தேன். இறங்கும்போது அதன் சக்கரம் பணிப்பெண்ணின் கணுக்கால் மேல் விழுந்தது. என் மகள் வயசுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. தரையில் உட்கார்ந்தபடியே அவள் கத்தியது "ஐயோ" என்றில்லை; "பெல்ட் போடுங்கள், எல்லாரும் பெல்ட் போடுங்கள்" என்று. அதற்குப் பிறகு விமானத்தில் நான் பெல்ட்டைக் கழற்றியது கழிவறை போக மட்டும்தான்.

அமெரிக்காவில் 2009 முதல் 2018 வரை பயணிகள் விமானங்களில் நடந்த விபத்துகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குலுக்கலால் வந்தவை. பெரும்பாலானவற்றில் ஆளுக்குத்தான் அடி, விமானத்துக்கு ஒரு கீறலும் இல்லை. அதிகம் அடிபடுகிறவர்கள் பணிப்பெண்கள், ஏனென்றால் வேலையே நின்றுகொண்டு செய்வது. ஆகவே விமானம் உடைந்துவிடுமோ என்று பயப்படாதீர்கள், சகோதரி. பெல்ட் விளக்கு அணைந்ததும் "டிக்" என்று கழற்றிவிடுகிறோமே, அந்தப் பழக்கத்துக்குப் பயப்படுங்கள்.

உங்களுக்குச் செய்துபார்க்க ஒன்று சொல்கிறேன். பெல்ட்டை வயிற்றின் மேல் போடாதீர்கள். இடுப்பெலும்பின் மேல், கொசுவம் சொருகின இடத்துக்குக் கீழே தழைய வரவேண்டும். பட்டுப்புடவை வழுக்கும், நூல் புடவை கட்டிக்கொண்டு போங்கள். போர்வை போர்த்திக்கொண்டால் அதற்கு மேலே பெல்ட் தெரியட்டும். தூங்கும்போது எழுப்ப மாட்டார்கள். சென்னையிலிருந்து சிங்கப்பூர் சுமார் நான்கு மணி நேரம். வங்காள விரிகுடாவையும் அந்தமான் கடலையும் தாண்டும்போது கொஞ்சம் ஆடத்தான் ஆடும். அது நிலநடுக்கோட்டுப் பக்கத்து மேகங்களின் வேலை. பக்கத்து சீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

வானத்தில் "ஏர் பாக்கெட்" என்று காற்றே இல்லாத பள்ளங்கள் இருக்கின்றன, விமானம் அதில் விழுகிறது என்கிறார் என் நண்பர். உண்மையா?
– வாசகர், கொருக்குப்பேட்டை

காற்றே இல்லாத இடம் என்று அங்கே எதுவும் இல்லை. காற்று மேலே போகிற இடமும் உண்டு, கீழே வருகிற இடமும் உண்டு. மேலே போகிற ஓட்டத்திலிருந்து வெளியே வந்து, கீழே இறங்குகிற ஓட்டத்துக்குள் விமானம் நுழைந்தால் பள்ளத்தில் விழுந்த மாதிரிதான் வயிறு சொல்லும்.

காத்தாடி விட்ட ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. மொட்டை மாடியில் டீல் போட்டுக்கொண்டிருக்கும்போது நூல் கையை அறுக்கிற மாதிரி இழுக்கும். திடீரென்று தொய்ந்துபோகும், காத்தாடி தலை குப்புற இறங்கும். காற்று நின்றுபோகவில்லை, திசை மாறியிருக்கிறது. (மாஞ்சா நூல் மட்டும் வேண்டவே வேண்டாம். கண்ணாடித் தூள் கழுத்தை அறுத்து, பைக்கில் அப்பா மடியில் உட்கார்ந்து போன குழந்தைகளே செத்திருக்கிறார்கள் இந்த ஊரில்.)

காலை விமானத்தில் போனால் வழவழவென்று போகிறது. அதே ஊருக்கு மத்தியானம் போனால் குலுக்கி எடுக்கிறது. ஏன் இந்த வித்தியாசம்?
– கல்லூரி ஆசிரியை, மணலி

உங்கள் ஊரிலிருந்தே பார்க்கலாம், டீச்சர். மணலி, அத்திப்பட்டுப் பக்கம் புகைபோக்கிகள் இருக்கின்றன. நாளைக்குக் காலை ஆறரை மணிக்கு ஒரு தடவை பாருங்கள். புகை ஒரு நாடா மாதிரி, கலையாமல், படுத்துக்கொண்டே கடல் பக்கம் போகும். இரவில் தரை குளிர்ந்து, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனமாகப் படுத்திருக்கிறது. மேலே ஏற அதற்குத் தெம்பு இல்லை.

அப்புறம் பதினொன்றரை மணிக்குப் பாருங்கள். அதே புகை பாம்பு மாதிரி நெளியும். ஒரு துண்டு மேலே போகும், அடுத்த துண்டு தரை வரைக்கும் சறுக்கி வரும். வெயிலில் தரை கொதித்து, சூடான காற்று குமிழ் குமிழாக எழும்புகிறது, இடையிடையே குளிர்ந்த காற்று கீழே இறங்குகிறது. அந்த நேரத்தில்தான் நெடி வீட்டுக்குள் வருகிறது என்று உங்கள் தெருவில் பெண்கள் சொல்வார்கள். ரொம்பச் சரியாகத்தான் சொல்கிறார்கள். புகையை நெளிய வைக்கிற அதே காற்றுதான், ஏறும்போதும் இறங்கும்போதும் விமானத்தைக் குலுக்குகிறது.

கோடையில் இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். மத்தியானத்தில் கடல்காற்று உள்ளே வரும். காசிமேட்டில் நிற்பவருக்கு அது சுகம். ஆனால் அந்தக் குளிர்ந்த காற்று, தரையின் சூடான காற்றுக்கு அடியில் ஆப்பு மாதிரி நுழைந்து அதை மேலே தள்ளுகிறது. அப்படித் தள்ளப்பட்ட காற்றுதான் சாயங்காலம் இடிமேகமாக எழும்புகிறது. பெரிய இடிமேகம் 15 கிலோமீட்டருக்கு மேலும் வளரும்; பயணிகள் விமானங்கள் போவது 10 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில். ஆக, மேலே ஏறித் தாண்டலாம் என்ற பேச்சே இல்லை, சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். கடுமையான இடிமேகத்துக்கு 20 கடல் மைல், அதாவது 37 கிலோமீட்டர், தள்ளிப் போ என்பது விமானிகளுக்குச் சொல்லப்படும் பாடம். "விமானம் தாமதம்" என்று பலகையில் வந்தால் கோபப்படுகிறோமே, பல நேரம் யாரோ நமக்காக அந்த 37 கிலோமீட்டரைச் சுற்றிக்கொண்டு வருகிறார்கள்.

ஆகவே, முடிந்தால் காலை விமானம்.

நான் மாதம் ஒரு தடவை தில்லி போகிறவன். ஜனவரியில் வானம் கண்ணாடி மாதிரி இருந்தது, ஒரு பொட்டு மேகம் கிடையாது. ஆனாலும் அரை மணி நேரம் ஆட்டம். மேகமே இல்லாமல் எப்படி?
– வாசகர், திருவொற்றியூர்

இந்தக் கேள்விக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தேன். என் வேலையில் நான் ரொம்பவும் நேசித்த பகுதி இதுதான்.

குளிர்காலத்தில் வட இந்தியாவுக்கு மேலே, 12 கிலோமீட்டர் உயரத்தை ஒட்டி, மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்றாறு ஓடுகிறது. ஜெட் காற்று என்பார்கள். வேகம் மணிக்கு 200 கிலோமீட்டரைச் சாதாரணமாகத் தாண்டும். ஆறு என்று சும்மா சொல்லவில்லை. அதற்கு நடு உண்டு, கரை உண்டு. நடுவில் எவ்வளவு வேகமாக ஓடினாலும் விமானத்துக்கு ஒன்றும் இல்லை. வேகக் காற்றும் மெதுவான காற்றும் ஒன்றை ஒன்று உரசுகிற கரையில்தான் தொல்லை.

எண்ணூர் முகத்துவாரத்துக்கு ஒருநாள் போய்ப் பாருங்கள். நீர் வற்றுகிற நேரம், கழிமுகத்துத் தண்ணீர் கடலுக்குள் ஓடும். எதிரே அலை வரும். இரண்டும் உரசுகிற இடத்தில் தண்ணீர் முள் முள்ளாக எழும்பி நிற்கும். சின்ன வயசில் அப்பாவோடு படகில் அந்த இடத்தைத் தாண்டும்போது பலகை படபடவென்று அடித்துக்கொள்ளும். உள்ளே ஆறு அமைதி, வெளியே கடலும் ஓரளவு அமைதி, நடுவில் அந்தப் பத்துப் பதினைந்து மார் மட்டும் ஆட்டம். "இரண்டு தண்ணி சேர்ற இடம், கெட்டியாப் புடி" என்பார் அப்பா. வானத்தில் இரண்டு காற்று சேர்கிற இடமும் அப்படித்தான். தண்ணீர் கண்ணுக்குத் தெரிகிறது, காற்று தெரியவில்லை. மேகமும் இல்லாததால் அங்கே அலை இருப்பதை யாராலும் பார்க்க முடிவதில்லை. தெளிந்த வானக் குலுக்கல் என்று இதற்குப் பெயர்.

நம் தலைக்கு மேலேயும் ஓர் ஆறு ஓடுகிறது, தெரியுமா? ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவுக்கு மேலே, கிட்டத்தட்ட சென்னை இருக்கும் அட்சரேகையை ஒட்டி, கிழக்கிலிருந்து மேற்காக. தில்லி ஆற்றுக்கு நேர் எதிர்த் திசை. 1958-ல் இதைப் பற்றி விரிவாக எழுதி உலகத்துக்குச் சொன்னவர் நம் வானிலைத் துறையைச் சேர்ந்த பி. கோடேஸ்வரம். பிற்பாடு துறைக்கே தலைமை இயக்குநர் ஆனார். அந்த ஆறு பெரும்பாலும் 14, 15 கிலோமீட்டர் உயரத்தில் ஓடுவதால் பயணிகள் விமானம் அதற்குக் கீழேயே போய்விடுகிறது.

அந்த ஆற்றைக் கண்டுபிடித்தது பலூன். காலை 5.30, மாலை 5.30 கணக்குக்காக ஹைட்ரஜன் அடைத்த பலூனைக் கருவியோடு மேலே விடுவோம். ஆடி மாதத்தில் அதைக் கையிலிருந்து விட்டதும் முதலில் கிழக்கே, கடல் பக்கம் ஓடும். தரையில் அடிப்பது மேல்காற்று. உயரப் போகப் போக வேகம் குறையும், தயங்கும், பிறகு அப்படியே திரும்பி மேற்கே பறக்க ஆரம்பிக்கும். ஒரே வானம், ஒரே பலூன், கீழே ஒரு திசை, மேலே வேறொரு திசை. முதல் தடவை அந்தக் கணக்கைப் போட்டபோது தப்பாகப் போட்டுவிட்டேன் என்று நினைத்து மூன்று தரம் சரிபார்த்தேன். கணக்கு சரிதான்.

இவ்வளவு ராடார் இருந்தும் முன்கூட்டியே தெரியாதா?
– பிளஸ் டூ மாணவி, வியாசர்பாடி

பாதி தெரியும், கண்ணு. ராஜாஜி சாலையில் துறைமுகக் கட்டடத்து உச்சியில் வானிலைத் துறையின் டாப்ளர் ராடார் இருக்கிறது. புயலையும் மழையையும் பார்ப்பதற்காக 2002-ல் நிறுவியது. விமானத்தின் மூக்கிலும் சின்னதாக ஒன்று உண்டு. இரண்டும் பார்ப்பது மழைத்துளியைத்தான். அலையை அனுப்பி, துளியில் பட்டுத் திரும்புவதை வாங்குகின்றன. துளியே இல்லாத காற்றில் எது திரும்பி வரும்? மேகத்தின் உச்சியில் இருக்கும் காய்ந்த பனித்துகள்கூட மங்கலாகத்தான் தெரியும். அதனால்தான் விமானிகள் ராடாரைக் கொஞ்சம் கீழே சாய்த்து, மேகத்தின் ஈரமான வயிற்றைப் பார்த்து உச்சியைக் கணிக்கிறார்கள்.

மற்றபடி, கணினி முன்கணிப்பு இருக்கிறது, சிக்மெட் என்ற எச்சரிக்கை இருக்கிறது. நம் வட்டாரத்துக்கு அதைச் சென்னை அலுவலகமே கொடுக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, முன்னால் போன விமானி "இந்த உயரத்தில் ஆடுகிறது" என்று சொல்லும் ஒரு வரி. கடலுக்குப் போய்வந்த படகுக்காரர் கரையில் சொல்வதை விடப் பெரிய வானிலை அறிக்கை உண்டா? உனக்கு இயற்பியல் பிடிக்கும் என்று எழுதியிருக்கிறாய். மேகமில்லாத காற்றின் அலையை முன்கூட்டியே பார்க்கிற நல்ல கருவிக்கு இன்னும் வேலை பாக்கி இருக்கிறது. நீ வா.

இறக்கை உடைந்துவிடாதா? ஜன்னலில் பார்த்தால் மேலும் கீழும் ஆடுகிறதே!
– வாசகர், பெரம்பூர்

ஆடத்தான் வேண்டும். ஆடாமல் விறைத்து நின்றால்தான் பயப்பட வேண்டும். பறக்கும்போது வரக்கூடிய மிகப் பெரிய பாரத்தைக் கணக்குப் போட்டு, அதற்கு ஒன்றரை மடங்கைத் தாங்குகிறதா என்று பார்த்த பிறகுதான் அனுமதி. 2010-ல் போயிங் 787-ஐ அப்படிச் சோதித்தபோது இறக்கை நுனியை சுமார் 25 அடி மேலே வளைத்தார்கள். உடையவில்லை.

ஆனால் மலைக் காற்றை லேசாக நினைத்துவிடக் கூடாது. 1966 மார்ச் 5 அன்று ஜப்பானின் பூஜி மலைக்குப் பக்கத்தில் ஒரு போயிங் 707, மலையைத் தாண்டி வந்த காற்றின் அலையில் சிக்கி வானத்திலேயே உடைந்தது. 124 பேரும் போய்விட்டார்கள். அன்றும் வானம் தெளிவாகத்தான் இருந்தது. பலத்த காற்று மலைமேல் ஏறி இறங்கும்போது, மறுபக்கத்தில் அது வெகுதூரத்துக்கு அலையடிக்கிறது என்பது விமானிகள் இன்று பாடத்திலேயே படிப்பது. ஜூன், ஜூலையில் கோவைக்குப் போகிறவர்கள் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றின் தள்ளலை இறங்கும்போது உணர்ந்திருப்பீர்கள். அது அதே குடும்பம்தான், சின்ன பிள்ளை.

ஒரு விமானம் கிளம்பிய உடனே அடுத்தது கிளம்பாமல் ஏன் நிற்கிறது?
– வாசகர், ராயபுரம்

பெரிய விசைப்படகு போன தடத்தில் பைபர் படகை விட்டால் என்ன ஆகும்? அதுதான். இறக்கை நுனியிலிருந்து காற்று சுருண்டு சுருண்டு பின்னால் வரும், மெல்லக் கீழே இறங்கும். முன்னால் போனது பெரியது, பின்னால் போவது சின்னது என்றால் இரண்டு மூன்று நிமிஷமாவது விட வேண்டும்.

பூமி சூடாவதால் இந்தக் குலுக்கல் அதிகமாகிறதா?
– வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

வட அட்லாண்டிக்கில் ஆகியிருக்கிறது. இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் பால் வில்லியம்ஸ் என்பவரும் அவர் குழுவும் 2023-ல் வெளியிட்ட ஆய்வு இது. அங்கே ஒரு சராசரி இடத்தை எடுத்துக்கொண்டால், மேகமில்லாத கடும் குலுக்கல் 1979-ல் வருஷத்துக்கு 17.7 மணி நேரம் இருந்தது. 2020-ல் 27.4 மணி நேரம். 55 சதவீதம் கூடுதல். காரணம், நான் மேலே சொன்ன அந்த ஆறுதான். விமானம் பறக்கும் உயரத்தில் வெப்பமண்டலத்துக்கும் துருவத்துக்கும் உள்ள வெப்ப வித்தியாசம் கூடுகிறது. அதனால் ஜெட் காற்றின் கரையில் உரசல் கூடுகிறது. நம் புகைபோக்கிகளின் கணக்கும் அந்த உரசலில் சேர்ந்திருக்கிறது என்பது, தினமும் அதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்த எனக்கு வருத்தமான விஷயம்.

எந்த சீட் நல்லது?
– அதே தண்டையார்பேட்டை சகோதரி, இரண்டாவது கடிதத்தில்

இறக்கைக்கு நேராக. சீசாப் பலகையில் நடுவில் உட்காருவது மாதிரி, ஆட்டம் அங்கே குறைவு. கடைசி வரிசை வேண்டாம். மருமகனிடம் சொல்லி இப்போதே மாற்றச் சொல்லுங்கள். இரண்டாவது கடிதத்தில் "போகிறேன்" என்று எழுதியிருந்தீர்கள். குழந்தை பிறந்ததும் ஒரு வரி எழுதுங்கள்.